பதினேழாம் தொகுதி

உப்பனாற்றில் தண்ணீர் இறங்கியிருந்த நேரம்
முழங்கால் சேற்றில் நின்று
ஒரு ஸ்பூன் அள்ளி வந்ததில் வளர்ந்தது இது.
பெயர் வைக்கவில்லை. மு-43.
முதுநகர், நாற்பத்து மூன்றாவது குப்பி.

தட்டில் சுண்ணாம்புத் துளிபோல் உட்கார்ந்திருக்கும்.
மூடியைத் திறந்தால் முதல் மழை வாசம்.
அதைத் தவிர
இரண்டு வருடமாக என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

அதன் மரபணுக்களை முழுக்க வாசித்துப் பார்த்தோம்.
எண்பத்தாறு லட்சம் எழுத்து.
ஏதாவது ஒன்றைச் சமைக்கத் தெரிந்த தொகுதிகள் முப்பத்தொன்று.
அடுப்பு எரிவது நான்கில்.
மிச்ச இருபத்தேழும்
ஓர் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கின்றன,
படிக்கத்தான் ஆளில்லை.

"பதினேழாம் தொகுதி அசையவே மாட்டேங்குது" என்று
போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.
வாட்ச்மேன் அரிகிருஷ்ணன் கேட்டார்:
"அங்க யாரும்மா நிக்கிறாங்க?"

நிற்கிறது ஒரு புரதம், அண்ணே.
முதல் எழுத்துக்குக் கொஞ்சம் முன்னால்,
இரட்டையாக, கைகோத்துக்கொண்டு.
முதுநகரில் ரயில்வே கேட் போட்ட மாதிரி.
படியெடுக்க வரும் நொதி
டவுன் பஸ்போல வந்து முட்டி நின்று
வேறு தெருவுக்குத் திரும்பிப் போய்விடும்.
கேட்காரன் கெட்டவன் இல்லை.
தேவையில்லாதபோது எதற்குச் செலவு என்று
எந்தக் காலத்திலோ போட்ட கணக்கு.
போடச் சொன்னார்கள், போட்டிருக்கிறான்.

சர்க்கரையைக் குறைத்தேன்.
உப்பை ஆற்றின் அளவுக்கு ஏற்றினேன்.
சூடு காட்டினேன், பட்டினி போட்டேன்,
கொல்லாத அளவுக்கு விஷமும் கொடுத்தேன்.
வெள்ளை.
நவம்பர் அறிக்கையிலும் வெள்ளை.

அப்புறம் அந்தப் புயல் வாரம்.
மூன்று நாள் கரண்ட் இல்லை.
யாரோ, நான்தான்,
தட்டின் மூடியைச் சரியாக மூடாமல் போயிருக்கிறேன்.
நான்காம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால்
ஓரத்தில் அழையா விருந்தாளி ஒன்று,
சளிபோலப் பளபளத்துப் படர்ந்துகொண்டு.
குப்பைக்குப் போகவேண்டிய தட்டு.
ஆனால் மு-43
அதைப் பார்த்த பக்கம் மட்டும்
மஞ்சள்.

மறுபக்கம் அதே பழைய சுண்ணாம்பு.

வந்தவன் என்ன சொன்னானோ.
நாற்பது அணுகூடத் தேறாத ஒரு துணுக்காக இருக்கலாம்.
அகாருக்குள் ஊறி, செல்சுவர் தாண்டி,
நிற்கிற புரதத்தின் இடுக்கில் போய் அது உட்கார,
புரதம் லேசாக இடுப்பை ஒடிக்க,
கோத்த கை நழுவ,
கேட் மேலே போயிருக்கிறது.

எஸ்தர் மேடம் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.
"அதிர்ஷ்டம்னு எழுதாதே.
இணைவளர்ப்புன்னு எழுது."

எழுதினேன். மஞ்சளைப் பிரித்தெடுத்து
ஆஸ்பத்திரி அனுப்பிய பன்னிரண்டு கிருமிகள்மேல் சொட்டினேன்.
எதுவும் சாகவில்லை.
ஒன்றுக்கும் ஒரு தலைவலிகூட இல்லை.
படிவத்தில் 'பயன்' என்ற கட்டத்தில்
'இல்லை' என்று நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன்.

போட்ட பிறகு அந்தப் பழைய தட்டை
இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன்.
மஞ்சள் இருந்த பக்கம் விருந்தாளி படர்வதை நிறுத்தியிருந்தான்.
சாகவில்லை. நின்றிருந்தான்.
இடையில் நூலளவு காலியிடம்.
வேலித் தகராறோ சம்பந்தமோ,
எனக்கு எழுதிய கடிதம் இல்லை அது.

ஏழு மணிக்குப் பூட்டை இழுத்துப் பார்த்தபடி
அரிகிருஷ்ணன் கேட்டார்:
"பதினேழுல யாரும்மா ஜெயிச்சது?"
நகக்கண்ணில் மஞ்சள், சோப்புக்கும் போகாமல்.
"இன்னும் எண்ணிட்டிருக்காங்கண்ணே."

முதுநகர் கேட் போட்டிருந்தது.
பஸ்ஸிலிருந்து இறங்கி நின்றோம்.
எந்த ரயில், எந்தப் பக்கத்திலிருந்து என்று
ஒருவருக்கும் தெரியவில்லை.